இரைப்பையின் காவற்றுறை

சரவணையிலே ஒரு வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஒடியற்கூழை வயிறாரக் குடித்துவிட்டுப் படுத்த பெரியவர், மறுநாட் காலையில், "நடுச்சாமம் மட்டும் வயிறு பாரமாய்க் கிடந்தது" என்கிறார். அதே வீட்டுப் பையன் விடியற்காலையில் சீனியிட்ட வெறுந்தேநீர் ஒரு கோப்பை அருந்திவிட்டுப் பாடப்புத்தகத்தோடு உட்காருகிறான். ஏழு மணி ஆகுமுன் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கிறான். கூழும் இரைப்பைக்குத்தான் போயிற்று. தேநீரும் அங்கேதான் போயிற்று. ஒன்று நாலைந்து மணி நேரம் தங்கியது; மற்றது வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிட்டது. இவ்வாறு ஒன்றை நிறுத்தி வைப்பதும் மற்றொன்றைப் போகவிடுவதும் யார் செயல்? இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம் இதுவே.

இரைப்பையை ஒரு பானையாக எண்ணுவது நம்மவர் வழக்கம். மேலே போட்டது உள்ளே வேகும். வெந்தது கீழே வடியும் என்பது அந்த எண்ணம். ஆனால் உணவிலுள்ள சத்துக்கள் பெரும்பாலும் சமிபாடடைவதும், குருதியிற் சேர்வதும் சிறுகுடலிலேயே. இரைப்பை செய்கின்ற தலையாய வேலை மூன்று: வந்ததை வைத்திருத்தல், அரைத்தல், அளவறிந்து அனுப்புதல். முதலிரண்டையும் பற்றிப் பள்ளிப் புத்தகங்கள் போதிய அளவு பேசுகின்றன. மூன்றாவதைப் பற்றி ஓரிரு வரியோடு நின்றுவிடுகின்றன. நோயுற்றவர் பலருடைய வாழ்வு அந்த மூன்றாவது வேலையிலேயே தங்கியிருக்கிறது என்பதால், அதனை நாம் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

வெறும் வயிற்றில் இரைப்பை சுருங்கிக் கிடக்கும். அப்போது அதனுட் கொள்ளக்கூடியது ஒரு சிறு கோப்பையளவுகூட இராது. உணவு தொண்டையைத் தாண்டியதும் அதன் மேற்பகுதி தானாகவே தளர்ந்து விரிகிறது. ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் வரை வந்து நிறைந்தாலும் உள்ளேயிருக்கும் அமுக்கம் பெரிதாக ஏறுவதில்லை. இது களஞ்சியம். கீழ்ப்பகுதி தடித்த தசையாலானது. அங்கே நிமிடத்துக்கு மூன்று முறை அலை எழுந்து, கீழ்வாயை நோக்கி உணவைத் தள்ளிச் செல்கிறது. கீழ்வாயோ அவ்வேளையிற் பெரும்பாலும் இறுகியே இருக்கும். அலை அங்கே போய் மோதும்போது, நன்றாகக் கரைந்து நீர்த்த பகுதியிற் சிறிதளவு மாத்திரம் சந்து வழியாக அப்பால் ஒழுகுகிறது. கட்டியாக உள்ளவை மோதுண்டு பின்னே தெறிக்கின்றன. அடுத்த அலையில் மீண்டும் அரைபடுகின்றன.

எங்கள் வீட்டுப் பெண்கள் மா இடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. உரலில் இடித்ததை அரிதட்டில் இட்டு அரிப்பார்கள். மா கீழே விழும். மேலே நின்ற கப்பி மறுபடியும் உரலுக்கே போகும். இரைப்பையின் அரிதட்டு இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துணிக்கையைச் சாதாரணமாக விடுவதில்லை. ஆகவே கெட்டியான உணவை உண்டபின் முதல் இருபது முப்பது நிமிடங்கள் இடிப்பிலேயே கழிந்துவிடுகின்றன. அந்நேரத்திற் குடலுக்குச் செல்வது மிகச் சொற்பம். நன்றாக மென்று விழுங்குபவர் உலக்கை வேலையிற் பாதியை வாயிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறார். பல் போனவர்களுக்குக் குழைவான உணவு வேண்டும் என்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

அக்கீழ்வாய்க்குக் கிரேக்கர் சூட்டிய பெயர் பைலோரசு. அம்மொழியில் அச்சொல்லுக்கு வாயிற்காவலன் என்று பொருள். இதைப் படிக்கும்போது தீவகத்தாராகிய நமக்கு நம் பக்கத்து ஊர் நினைவுக்கு வராமற் போகாது. ஊர்காவற்றுறை என்ற பெயரிலேயே ஊரும் உண்டு, காவலும் உண்டு, துறையும் உண்டு. அதன் எதிரே நீர் நடுவிற் போர்த்துக்கேயர் கட்டி, 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை இன்றும் நிற்கிறது. குடாநாட்டு நீரேரிக்குள் நுழையும் கலங்களை அங்கிருந்து பார்த்துத்தான் விடுவார்கள். காவலன் தன் விருப்பப்படி விடுவதில்லை. எங்கிருந்தோ வரும் கட்டளைப்படி விடுகிறான். இரைப்பையின் காவலனும் அப்படியே. அவனுக்குக் கட்டளை வருவது இரைப்பைக்குள் இருந்து என்று நினைப்போமானால் பாதி உண்மையையே அறிந்தவர்களாவோம். வயிறு நிறைந்து விரியும்போது அனுப்பும் விசை கூடுகிறது என்பது உண்மை. எனினும் போதும், நிறுத்து என்று சொல்லும் குரல் வாயிலுக்கு அப்பாலிருந்து, குடலிலிருந்து வருகிறது.

இதனை மனிதர் கண்டறிந்த வரலாறும் ஒரு தீவிலேயே தொடங்குகிறது. வட அமெரிக்காவின் பேரேரிகள் சந்திக்கும் இடத்தில் மக்கினாக்கு என்றொரு சிறு தீவு உண்டு. 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அங்கே மென்மயிர்த் தோல் வாணிகக் கடையொன்றிற் கைதவறி வெடித்த துவக்கின் குண்டு, அலெக்சிசு சென் மாட்டின் என்ற கனடாத் தொழிலாளியின் இடப்பக்கத்தைப் பிளந்தது. பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்டனர். படைமுகாம் வைத்தியரான வில்லியம் போமண்ட் மாத்திரம் கைவிடாது பேணினார். மாட்டின் பிழைத்தான், ஆனால் புண் முற்றாக மூடவில்லை. வயிற்றின்மேல் இரைப்பைக்குள்ளே திறக்கும் ஒரு துவாரம் ஆயுள் முழுவதும் நிலைத்துவிட்டது.

இயற்கை மூடி வைத்திருந்த அறைக்கு இப்படி ஒரு சாளரம் கிடைத்ததும் போமண்ட் ஆராயத் தலைப்பட்டார். 1825ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள் நண்பகலில், வெவ்வேறு விதமான இறைச்சித் துண்டுகளையும் ஒரு பாண் துண்டையும் கோவாவையும் பட்டு நூலிற் கட்டித் துவாரத்தின் வழியே தொங்கவிட்டார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தபோது கோவாவும் பாணும் பாதி கரைந்திருந்தன. இரண்டு மணிக்கு அவையும் அவித்த இறைச்சியும் நூலை விட்டு மறைந்துவிட்டன. இவ்வாறு ஆண்டுக்கணக்காகச் செய்த 238 சோதனைகளை 1833ஆம் ஆண்டில் நூலாக்கினார். எந்த உணவு இரைப்பையை விட்டு நீங்க எவ்வளவு நேரம் என்ற அட்டவணை ஒன்றும் அதில் உண்டு. அவித்த அரிசிக்கு ஒரு மணி நேரம். காய்ச்சிய பாலுக்கு இரண்டு. அரைவேக்காட்டு முட்டைக்கு மூன்று, கட்டியாக அவித்த முட்டைக்கு மூன்றரை. வாட்டிய பன்றியிறைச்சிக்கு ஐந்தேகால். இன்றைய கருவிகளால் அளப்போர் இந்த எண்களை அப்படியே ஒப்புவதில்லை. ஆனால் சோறு முந்தும், கொழுப்பு பிந்தும் என்ற வரிசை இன்றும் பிழைக்கவில்லை.

மாட்டினுடைய பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவன் படிப்பறிவற்ற ஏழை. 1832ஆம் ஆண்டில் உணவும் உறையுளும், ஆண்டுக்கு 150 டாலரும் தருவதாக உடன்படிக்கை எழுதி அவனது வயிற்றை வாடகைக்கு எடுத்ததுபோல எடுத்தார்கள். அவன் பல தடவை ஊருக்கு ஓடிப்போனான். 1880ஆம் ஆண்டில் அவன் இறந்தபோது, வைத்தியர்கள் உடலைக் கேட்டு வருவார்கள் என்று அஞ்சிய குடும்பத்தார், அது அழுகும்வரை வைத்திருந்து ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். விஞ்ஞான வரலாற்றில் வைத்தியரின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. நம்முடைய கணக்கில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்திலே இருக்கவேண்டும்.

இந்த அறிவு யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர அதிக காலம் செல்லவில்லை. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார் என்பதை மாணவர்கள் அறிவார்கள். டால்ற்றன் என்ற அமெரிக்கரின் உடற்றொழில் நூல் 'மனுஷ சுகரணம்' என்ற பெயரோடு 1883ஆம் ஆண்டிலே தமிழில் வெளிவந்துவிட்டது. இரைப்பை எப்படித் தொழிற்படுகிறது என்பதைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று இன்றும் ஐயுறுவோர், மாட்டின் இறந்து மூன்றாண்டுகளுக்குள் அதனை இங்கே தமிழில் அச்சிட்டுவிட்டார்கள் என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

போமண்ட் சாளரத்தினூடே பார்த்தது இரைப்பையை மாத்திரமே. வாயிலைக் கண்ணாற் கண்டவர் ஹாவாட் மருத்துவக் கல்லூரியின் மாணவர் வால்டர் கனன். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த 1896ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஆய்வைத் தொடங்கினார். பிசுமது உப்புக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி அதன் வயிற்றைத் திரையில் நிழலாகப் பார்த்தார். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதையும், வாயில் எல்லா அலைக்கும் திறக்காமல் இடையிடையே திறப்பதையும் கண்டார். மாப்பொருள் விரைவாகவும், புரதம் தாமதித்தும், கொழுப்பு எல்லாவற்றுக்கும் பிந்தியும் இறங்குவதை அளந்தார். இரைப்பையிலிருந்து புளிப்பான கூழ் குடலுக்குட் போனவுடன், அந்தப் புளிப்பே வாயிலை மூடச் செய்கிறது என்று 1907ஆம் ஆண்டில் எழுதினார். கட்டளை அப்பாலிருந்து வருகிறது என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று.

ஏன் அப்பாலிருந்து வரவேண்டும்? ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் உற்சவத்துக்குப் போனவர்கள் குறிகட்டுவான் துறையை நினைத்துப் பாருங்கள். வேலணை, புங்குடுதீவு வழியாக பஸ்கள் வந்து சனத்தை இறக்கியபடியே இருக்கும். படகுகளோ சில, ஒவ்வொன்றும் ஏற்றக்கூடிய தொகைக்கும் ஓர் எல்லை உண்டு. துறையிலே நெருக்கம் அதிகம் என்பதற்காகப் படகில் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் என்ன ஆகும் என்பது கடல் சூழ்ந்த ஊரவருக்குத் தெரியாததன்று. எத்தனை பேரை விடுவது என்பதைத் துறையின் நெருக்கம் தீர்மானிக்கக்கூடாது. படகின் கொள்ளளவும், அக்கரைக்குப் போய்வரும் நேரமுமே தீர்மானிக்கவேண்டும்.

குடலின் நிலையும் இதுவே. இரைப்பையிலிருந்து வரும் கூழ் கடும் அமிலமுள்ளது. முன்சிறுகுடலின் மெல்லிய சுவர் அதனைத் தாங்காது. சதையியிலிருந்து காரநீர் வந்து அமிலத்தைத் தணிக்கவேண்டும். ஈரலிலிருந்து வந்து பித்தப்பையிற் சேர்ந்த பித்தம் கொழுப்பைப் பிரிக்கவேண்டும். நொதியங்கள் தம் வேலையைச் செய்யவேண்டும். இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். ஆகவே குடலின் சுவரில் அமிலத்தையும், கொழுப்பையும், புரதத்தையும், கரைசலின் செறிவையும் அறியும் கலங்கள் காவலிருக்கின்றன. அவை இரண்டு வழியாகச் செய்தி அனுப்புகின்றன. ஒன்று, வேகசு என்னும் நரம்பின் வழி. மற்றது, குருதியிற் கலக்கும் ஓமோன்களின் வழி. 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பேலிசும் ஸ்ராலிங்கும் கண்ட செக்கிரீற்றின் என்பது சதையியைச் சுரக்கச் சொல்லும் தூது. ஓமோன் என்ற பெயரே அதன் பின்னர் பிறந்தது. 1928ஆம் ஆண்டில் ஐவி, ஓல்ட்பேர்க் என்போர் கண்ட கொலெசிஸ்ரோக்கினின் பித்தப்பையைப் பிழியச் சொல்கிறது. அதுவே இரைப்பையைத் தளரச் செய்து, வாயிலை இறுக்கி, கொழுப்பு வந்திருக்கிறது, பொறுத்து அனுப்பு என்றும் சொல்கிறது. செரியாத கொழுப்பு தப்பிச் சிறுகுடலின் கடைக்கோடிவரை போய்விட்டால் அங்கிருந்தும் ஒரு தடை உத்தரவு வரும்.

இத்தனையும் கூடிச் செய்யும் கணக்கு வியப்பானது. சத்துள்ள உணவை இரைப்பை ஏறத்தாழ நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று கலோரி என்ற வீதத்தில் அனுப்புகிறது என அளந்திருக்கிறார்கள். 600 கலோரி கொண்ட மதியச் சாப்பாடு மூன்றரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை எடுப்பது இதனாலேதான். வெறுந்தண்ணீரில் அறியவேண்டியது ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்திற் பாதி போய்விடும். பையனின் தேநீரில் இருந்தது சிறிது சீனி மாத்திரம். வாயிலில் அதற்குப் பெரிய விசாரணை இல்லை. பெரியவரின் கூழிலோ ஒடியல்மா இருந்தது; மீனும் நண்டும் இறாலும் இருந்தன; பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் இருந்தன. புரதமும் நாரும் மாவும் பசையாகச் சேர்ந்த அந்தக் கூட்டத்தைக் காவலன் இலகுவில் விடுவானா?

நம்மூர்ச் சமையலை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல விடயங்கள் விளங்கும். வெறும் வெள்ளைச் சோறு விரைவில் இறங்கிக் குருதியிலே சர்க்கரையைச் சட்டென ஏற்றும். அதே சோறு பருப்போடும், கீரையோடும், மீன்குழம்போடும் போனால் இறக்கம் மட்டுப்படும், ஏற்றமும் மட்டுப்படும். உண்டபின் குருதிச் சர்க்கரை ஒருவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் ஏறுவதில், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வேறுபாட்டுக்கு இரைப்பை விடும் வேகமே காரணம் என்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்து ஆய்வாளர்கள், நமது உணவைக் கறிகளோடு சேர்த்து உண்ணும்போது குருதிச் சர்க்கரையின் போக்கு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டிலே வெளியிட்டிருக்கிறார்கள். நீரிழிவுள்ள வீடுகளிற் சோற்றின் அளவை மாத்திரம் பேசாமல், அதனோடு என்ன போகிறது, எது முதலிற் போகிறது என்பதையும் பேசவேண்டும். மரக்கறியையும் மீனையும் முன்னே உண்டு சோற்றைப் பின்னே உண்டால் ஏற்றம் குறைவதாக அளந்து கண்டிருக்கிறார்கள். தேங்காய்ப்பாலும் பொரியலும் தாமதப்படுத்தும் என்பதற்காக அவற்றை அளவின்றிச் சேர்க்கலாம் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொழுப்புக்கு வேறு கணக்குகள் உண்டு.

மனநிலையும் காவலனைத் தொடும். கனனுடைய பூனை அமைதியாக முரலும்போது அலைகள் ஒழுங்காகச் சென்றன. அது சினந்து திமிறியபோது இரைப்பை அசைவற்று நின்றுவிட்டது. தடவிக் கொடுத்ததும் மீண்டும் தொடங்கியது. மாட்டின் கோபங்கொண்ட வேளைகளில் இரைப்பையின் நிறமும் நீரும் மாறுபட்டதைப் போமண்டும் எழுதியிருக்கிறார். பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன் இருக்கும் நேரத்தைப் பார்த்துப் பரீட்சைப் புள்ளிகளை விசாரிக்கும் தகப்பன்மாருக்கு இதை எடுத்துக் காட்டலாம்.

இனி, வாயில் பழுதுபடும்போது நேர்வதைச் சொல்லவேண்டும். பிறந்து மூன்று முதல் ஆறு வாரமான சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, வாயிலின் தசை தடித்துப்போய் வழி அடைபட்டுவிடுகிறது. குழந்தை ஆவலோடு பால் குடிக்கும். குடித்த சிறிது நேரத்தில் அப்பால் போய் விழும்படி பாய்ச்சலாகக் கக்கும். கக்கிய கையோடு மறுபடியும் பசித்து அழும். கக்கியதிற் பித்தத்தின் பச்சை இராது. நாளுக்கு நாள் எடை குறையும்; சிறுநீர் குறையும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், கண்ணூறு என்றும் நாட்களைக் கடத்துவது ஆபத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இக்குழந்தைகளிற் பெரும்பாலானோர் மடிந்தார்கள். ஜேர்மன் வைத்தியர் ராம்ஸ்ரெட், தடித்த தசையை நெடுக்கே கீறிவிட்டு உட்சவ்வைத் தொடாமல், கீறலைத் தைக்காமலே விட்டுவிடும் சிறிய சத்திரசிகிச்சையை 1911ஆம் ஆண்டிற் செய்து மறுஆண்டில் எழுதினார். இன்றுவரை அதுவே வழி. குழந்தை சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறது. ஆனால் குழந்தை முதலில் வைத்தியசாலையை அடையவேண்டும். நெடுந்தீவுத் தாய்க்கு அது ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணமும், பின்னர் யாழ்ப்பாணம்வரை தரைப்பயணமும் ஆகும். மேற்சொன்ன குறிகளைக் கண்டால் அன்றைய படகையே பிடிப்பது நல்லது.

வாயில் இறுகுவது ஒரு துன்பமென்றால், காவலே இல்லாதிருப்பது இன்னொன்று. மணிமேகலைக் காப்பியத்திற் காயசண்டிகை என்பவள் யானைத்தீ என்னும் பெரும்பசியால் வாடுகிறாள். எவ்வளவு உண்டாலும் உண்டது மாயமாய் மறைகிறது. நயினாதீவையே மணிபல்லவம் என்று கொள்ளும் நமக்கு, அவள் பசி தீர்த்த அமுதசுரபி அத்தீவின் பொய்கையில் எழுந்தது என்ற கதை சிறு வயதிலிருந்தே பழக்கம். அவள் நோய் சாபத்தால் வந்தது. இரைப்பையின் ஒரு பகுதியையோ வாயிலையோ சத்திரசிகிச்சையில் இழந்தவர்களிற் சிலர், அதன் சாயலை நிசமாகவே காண்கிறார்கள். இனிப்பான உணவு தடையின்றிக் குடலிற் கொட்டப்படுகிறது. அரைமணி நேரத்துக்குள் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, தலைச்சுற்று. குருதியிற் சர்க்கரை பாய்ந்தேற, அதனைத் தணிக்க இன்சுலின் மிகுதியாகச் சுரக்க, ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற் சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து, நடுக்கமும் பொறுக்கமுடியாத பசியும் வருகின்றன. சிறிது சிறிதாகப் பல தடவை உண்ணவும், இனிப்பைக் குறைக்கவும், சாப்பாட்டோடு நீர் குடியாமல் இடைவெளி விடவும் வைத்தியர்கள் அவர்களுக்குச் சொல்கிறார்கள்.

நீண்டகால நீரிழிவு வேகசு நரம்பைக் கெடுத்தால் இதற்கு மறுதலையாக இரைப்பை சோம்பிவிடும். உணவு மணிக்கணக்கிற் கிடக்கும்; உண்ட உணவுக்கென்று ஏற்றிய இன்சுலினோ நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும். உண்டும் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவரைக் கண்டு வீட்டார் திகைப்பது இவ்வாறுதான். சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்துவிடுகிறது, முன்னாள் உண்டது வாந்தியில் வருகிறது என்று நீரிழிவுள்ளவர் சொன்னால் அதனை வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும். கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளைச் சிறிதளவு கலந்த முட்டையுணவைக் கொடுத்து, நாலு மணி நேரத்தின்பின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கருவியால் அளக்கும் சோதனை உண்டு; பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் இரைப்பை தாமதிக்கிறது என்று பொருள். இன்னொன்று: உடல் எடைக்கும் நீரிழிவுக்குமாக இக்காலத்தில் வந்துள்ள சில ஊசிமருந்துகள், குடலில் ஊறும் ஜி.எல்.பி.-1 என்னும் ஓமோனைப் போல நடித்து, இரைப்பையை மெதுவாக்கிப் பசியையும் அடக்குகின்றன. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் சிலர் இவற்றை ஏற்றிக்கொள்கிறார்கள். எந்தச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் அதனை மறைக்காமற் சொல்லிவிடவேண்டும்.

சத்திரசிகிச்சை என்றதும் நாம் அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. மயக்கமருந்து கொடுத்ததும் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். அப்போது இரைப்பையிற் கிடக்கும் உணவும் அமிலமும் மேலே வந்து சுவாசப்பைக்குட் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான், உண்டது இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டு, இலகுவான உணவுக்கு ஆறு மணி நேரமும், கொழுப்புள்ள உணவுக்கு அதற்கு மேலும், தாய்ப்பாலுக்கு நாலு மணியும், தெளிந்த நீருக்கு இரண்டு மணியும் இடைவெளி வேண்டுமென்று வைத்துள்ளார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? "பாவம், நேற்றிரவு தொடக்கம் பட்டினி, ஒரு வாய் பால்தேத்தண்ணீர்தானே" என்று ஓர் அன்புள்ள கை போத்தலைத் திறக்கிறது. பெயரில் தண்ணீர் இருப்பதால் அது தண்ணீராகிவிடாது. பால் இரைப்பையின் அமிலத்திற் பட்டதும் திரைந்து கட்டியாகிறது. கொழுப்பும் புரதமும் உள்ள அக்கட்டியைக் காவலன் உணவு என்றே நடத்துகிறான். பால் சேராத தெளிந்த தேநீர் வேறு, பால்தேநீர் வேறு. கொடுத்துவிட்டதானால் வைத்தியரிடம் சொல்லிவிடுவதே அன்பு. சத்திரசிகிச்சை சில மணி நேரம் பிந்தும், அவ்வளவே.

எல்லாம் இறங்கி முடிந்தபின் இரைப்பை உறங்குவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பலத்த அலைத்தொடர் ஒன்று அங்கே தொடங்கிச் சிறுகுடல் முழுவதையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகிறது. அப்போது வாயில் அகலத் திறக்கும். அரிதட்டைத் தாண்டாமல் நின்ற நாரும், விழுங்கிய புளியங்கொட்டையும், பிள்ளை விழுங்கிய சிறு நாணயமும் பெரும்பாலும் அந்தத் தறுவாயிலேதான் குடலுக்குட் போகின்றன. மணிக்கூட்டிலும் விளையாட்டுப் பொருளிலும் வரும் பொத்தான் மின்கலத்தை விழுங்கினால் மாத்திரம் காத்திருத்தல் ஆகாது. அது உணவுக்குழாயிற் சிக்கிச் சுவரை எரித்துவிடக்கூடும் என்பதால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். இடையில் ஒரு விசுக்கோத்து, ஒரு பிடி கடலை என்று எதையாவது உண்டுகொண்டே இருந்தால் இந்தப் பெருக்கல் தொடங்குவதில்லை. உணவு வந்தவுடன் இரைப்பை விளக்குமாற்றை வைத்துவிட்டு மீண்டும் உலக்கையை எடுக்கிறது. ஊர் அடங்கிய சாமத்தில், பக்கத்திற் படுத்திருப்பவருக்கும் கேட்கும்படி வயிறு உறுமுகிறதே, அது பெரும்பாலும் இக்கூட்டுமாற்றின் ஓசைதான்.